இருபதில் ஒன்று தவறியவள்

பனிக்கடலோரத்தில் இருக்கும் எங்கள் குய்காக்கில் யாரிடமாவது போய், "நீங்க நல்லா வேட்டையாடுவீங்களாமே" என்று கேட்டுப் பாருங்கள். ஏதோ திருட்டுப் பட்டம் கட்டியதுபோல முகத்தைத் திருப்பிக்கொள்வார். அன்று காலையில்தான் இரண்டு சீல் கடல்நாய்களைப் படகில் போட்டுக்கொண்டு வந்திருப்பார். கையில் எண்ணெய்ப் பிசுக்கு இன்னும் போயிருக்காது. ஆனாலும் "ஏதோ ஒண்ணு ரெண்டு வந்து மாட்டுச்சு" என்பதற்கு மேல் அவர் வாயிலிருந்து ஒரு சொல் வாங்க முடியாது. சீலுக்குக் காது உண்டு, மூஸ் மானுக்கும் உண்டு என்பது எங்கள் ஊரில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும். அடித்தவன் உட்கார்ந்து பெருமையடிக்கிறான் என்று கேள்விப்பட்டால், அவை அடுத்த வருஷம் இந்தப் பக்கமே எட்டிப் பார்க்காது. அதனால் தன்னைப் பற்றித் தானே பேசக்கூடாது. அடுத்தவரை அவர் முன்னால் புகழ்ந்து வைத்து அவர் பிழைப்பையும் கெடுக்கக்கூடாது.

இப்படிப்பட்ட ஊருக்குத்தான் அரசாங்கம் ஒரு படிவம் அனுப்பியது. அதில் நாலாவது கேள்வி: 'போர்க்காலத்தில் நீங்கள் ஆற்றிய சிறப்பான பணிகளை உங்கள் சொந்த வார்த்தைகளில் விவரிக்கவும்.' இந்தக் கேள்வியை எழுதிய மனிதர் நல்ல மனசுக்காரராகத்தான் இருக்க வேண்டும். ஆனால் கொஞ்சம் விவரம் போதாது.

அந்த நாலாவது கேள்வியோடு இரண்டு வருஷம் மல்லுக்கட்டியவள் அக்குலீனா. அப்போது அவளுக்கு எழுபத்தெட்டு வயது. உருண்டை முகம், கட்டையான கைகள். அவள் நடந்து வந்தால் சதுப்பின் மேல் போட்ட பலகைப் பாதை நாலு வீட்டுக்கு முன்னாலேயே தகவல் சொல்லிவிடும். பெற்றது ஐந்து, வளர்த்தது ஒன்பது. மீன் அறுப்பாள், பெர்ரி பறிப்பாள், மற்றப் பெண்கள் செய்வதெல்லாம் செய்வாள், தையலைத் தவிர. அவள் தைத்த பூட்ஸைப் போட்டுக்கொண்டு யாரும் இரண்டாம் முறை வெளியே போனதில்லை. ஆனால் அவள் அப்பாவுக்கு ஆண் பிள்ளை இல்லை. மகளைத்தான் படகில் ஏற்றிக்கொண்டு போனார். எட்டு வயதில் வாத்து, பன்னிரண்டில் சீல். அதைப் பற்றியும் யாரும் பேசிக்கொள்ளவில்லை, சட்டியில் இறைச்சி வந்து விழுந்தது, தின்றார்கள், அவ்வளவுதான்.

போர் வந்தபோது அவளுக்குப் பதினேழு. தீவுச் சங்கிலியின் கடைசித் தீவுகளை ஜப்பான் படை பிடித்துக்கொண்டிருந்தது. இந்த நீளக் கரையைக் காக்க ஆள் இல்லை என்று ஒரு மேஜர் நாய்கள் இழுக்கும் சறுக்கு வண்டியில் ஊர் ஊராக வந்து, காவல் படைக்கு ஆள் எடுத்தார். சம்பளம் கிடையாது. ஆளுக்கு ஒரு பழைய துப்பாக்கி, ஒரு தொப்பி, சட்டைக் கையில் தைத்துக்கொள்ள ஒரு துணிப்பட்டை. அக்குலீனா வரிசையில் போய் நின்றாள். மேஜர் மறுபேச்சுப் பேசாமல் துப்பாக்கியை நீட்டினார். பெயர்களை எழுதிக்கொண்டிருந்த பள்ளி வாத்தியார்தான் ஆண்கள் பெயரோடு பேனாவை மூடிவிட்டார். அக்குலீனா கேட்கவில்லை. என் பெயரையும் எழுது என்று கேட்பது பெருமையடிப்பதற்கு அடுத்த வீடு.

மூன்று பனிக்காலம் கரையில் நின்றாள். கூட நின்ற வசீலியைக் கட்டிக்கொண்டாள். போர் முடிந்தது, படையைக் கலைத்தார்கள், நன்றி என்று ஒரு துண்டுக் காகிதம்கூட வரவில்லை. ஐம்பது வருஷம் கழித்து அரசாங்கத்துக்குத் திடீரென்று நினைவு வந்து, அவர்களும் முறையான சிப்பாய்கள்தான் என்று சட்டம் போட்டது. பட்டியலில் பெயர் இருந்த வசீலிக்குப் படையிலிருந்து கௌரவமாக விடுவித்த பத்திரம் வந்தது. அதைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டுச் சுவரில் மாட்டினான். அடுத்த வருஷமே போய்ச் சேர்ந்தான்.

கோடையில் சரக்குப் படகில் அவனுக்கு ஒரு வெள்ளைக் கல் வந்தது. சிப்பாய்களுக்கு அரசாங்கம் அனுப்பும் கல். அவன் பெயர், கீழே படையின் பெயர். நட்டு முடித்ததும் அக்குலீனா அதைத் தடவிப் பார்த்தாள். பக்கத்தில் ஓர் ஆளுக்கு இடம் இருந்தது. ஐம்பத்தாறு வருஷம் பக்கத்தில் படுத்தவள், அவனோடு அதே கரையில் அதே குளிரில் துப்பாக்கி பிடித்தவள், கடைசியில் மட்டும் அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் ஒரு மரச் சிலுவையோடு யாரோ போலக் கிடப்பதா? அவளுக்கு அது பொறுக்கவில்லை. தனக்கும் அதே கல் வேண்டும் என்று அன்றைக்கு மனதில் விழுந்தது. கல் வேண்டுமானால் காகிதம் வேண்டும். காகிதம் வேண்டுமானால் நாலாவது கேள்வி.

முதல் தடவை எழுதினாள்: 'காவல் இருந்தேன். குளிராக இருந்தது.' விவரம் போதாது என்று திரும்பி வந்தது. இரண்டாம் தடவை நிறைய யோசித்து, 'மற்றவர்கள் நன்றாகச் செய்தார்கள். நானும் கூட இருந்தேன்' என்று எழுதினாள். அதுவும் வந்தது. மூன்றாம் தடவை, ஊரின் சுகாதார ஊழியராக இருக்கும் அவள் மகள் பராஸ்கா பொறுக்க முடியாமல், அம்மாவைப் பற்றிச் சாட்சிக் கடிதம் கேட்டு வீடு வீடாகப் போனாள். ஏழு கடிதம் சேர்ந்தது. 'நல்ல பெண்மணி. காலையில் சீக்கிரம் எழுந்திருப்பார்' என்று ஒருவர் எழுதியிருந்தார். ஏழில் அதுதான் நீளமானது.

கடைசியாக ஓர் ஓலை வந்தது. அதிகாரி ஒருவர் செப்டம்பர் இருபத்தெட்டாம் தேதி நேரில் வந்து விசாரிப்பார், அன்றும் விவரம் கிடைக்காவிட்டால் கோப்பு மூடப்படும்.

இங்கே யாக்கோவைச் சொல்லியாக வேண்டும். அக்குலீனாவின் தாய்மாமன் மகன், அவளுக்கு இரண்டு வயது இளையவன். எங்கள் பக்கம் மாமன் மகனுக்கும் அத்தை மகளுக்கும் நடுவே உள்ள உரிமை வேறு யாருக்கும் கிடையாது. கட்டிக்கொள்வது வேறு யாரையாவது இருக்கலாம், கேலி மட்டும் ஆயுள் பாத்தியதை. கோயில் வாசலிலும் கிண்டலடிக்கலாம், சாவு வீட்டிலும் கிண்டலடிக்கலாம். மற்றவர் வாயைத் திறந்து சொல்ல முடியாத குற்றங்குறைகளை ஊர் நடுவே போட்டு உடைக்கலாம். கோபித்துக்கொண்டவர் தோற்றவர். யாக்கோ அவளைப் பொண்டாட்டி என்றுதான் கூப்பிடுவான், வசீலியின் எதிரிலேயே கூப்பிடுவான், வசீலி சிரித்துக்கொண்டு தேநீர் ஊற்றிக் கொடுப்பான். பார்க்கும்போதெல்லாம் யாக்கோவின் முதல் கேள்வி ஒன்றுதான்.

"என்ன பொண்டாட்டி, அந்த இருபதாவது குண்டு கெடச்சுதா?"

அவளும் எல்லாத் தடவையும் ஒரே பதில்தான் சொல்வாள். "காத்து அடிச்சுது மச்சான்."

அறுபது வருஷமாக இந்தக் கேள்வி பதில் நடந்து, ஊரில் அது வணக்கம் சொல்வதுபோல ஆகிவிட்டது.

அதிகாரி பதினோரு மணிக்குச் சின்ன விமானத்தில் வந்து இறங்கினாள். கேப்டன் ஃபான்டனோ. தெற்கே லூசியானாவிலிருந்து வந்த கறுப்பினத்துப் பெண், நாற்பது வயதிருக்கும், நெட்டையாக இருந்தாள். மூடுபனி இறங்குவதற்குள் மூன்று மணிக்குக் கிளம்பியாக வேண்டும் என்று விமானி முதலிலேயே சொல்லிவிட்டான். சமுதாயக் கூடத்தில் ஊர் முழுக்கக் கூடியிருந்தது. இலவசமாகப் பிஸ்கட்டும் தேநீரும் உண்டென்றால் எங்கள் ஊரில் விசாரணைக்குக்கூடக் கூட்டம் சேரும். உலர்ந்த சால்மன் வைத்தார்கள், கொழுப்பில் பெர்ரி அடித்த அகுடாக் வைத்தார்கள். கேப்டன் அகுடாக்கை இரண்டு தரம் வாங்கித் தின்றாள். பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள்.

பிறகு கேள்வி ஆரம்பமானது. பராஸ்கா நடுவில் உட்கார்ந்து மொழிபெயர்த்தாள். படையில் என்ன செய்தீர்கள் என்று கேப்டன் கேட்டாள். ஒன்றும் பெரிதாக இல்லை என்றாள் அக்குலீனா. துப்பாக்கி சுடத் தெரியுமா? சுட்டால் சத்தம் வரும் என்றாள். எதிரியின் நடமாட்டம் எதையாவது பார்த்தீர்களா? பனியைத்தான் பார்த்ததாகச் சொன்னாள். கேப்டன் முகத்தில் சலிப்பே காட்டவில்லை, அதற்காகவே அவளைப் பாராட்ட வேண்டும். பேனாவை வைத்துவிட்டுக் கூட்டத்தைப் பார்த்து, இவரைப் பற்றி யாருக்காவது ஏதாவது தெரியுமா என்று கேட்டாள். ஊர்த் தலைவர் எழுந்து, நல்ல மனுஷி என்று சொல்லி உட்கார்ந்தார். பாதிரியார் எழுந்து, கோயிலுக்குத் தவறாமல் வருவார் என்றார். அவ்வளவுதான். ஒரு குழந்தை பிஸ்கட்டைக் கடிக்கும் சத்தம் கேட்டது.

இரண்டு மணி ஆயிற்று. விமானி ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்துவிட்டுப் போனான். பராஸ்காவின் குரல் உடைந்துவிட்டது. "அம்மா, ஒரே ஒரு வார்த்தை சொல்லேன்மா. உனக்கு அந்தக் கல்லு வேணுமா வேண்டாமா?"

அக்குலீனா தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேண்டும். ரொம்ப வேண்டும். இரண்டு வருஷமாகப் படுக்கையில் புரளும்போதெல்லாம் அந்தக் காலி இடம்தான் கண்ணில் வந்தது. ஆனால் என்னவென்று சொல்வது? அவளுடைய இரண்டு பிள்ளைகள் அந்த வாரம்தான் மூஸ் தேடி ஆற்றில் மேலே போயிருக்கிறார்கள். இங்கே இவள் வாயைத் திறந்து நான் அதைச் செய்தேன் இதைச் செய்தேன் என்று அளந்தால், அங்கே அவர்கள் வெறுங்கையோடு திரும்புவார்கள். அதற்கும் மேலே, எழுபது வருஷமாக அடக்கி வைத்த நாக்கு, வா என்றால் வருமா? கண் கலங்கியது. மறைத்துக்கொள்ளக் குனிந்துகொண்டாள். கேப்டன் மெதுவாகக் கோப்பை மூடத் தொடங்கினாள்.

அப்போதுதான் பிஸ்கட் தட்டுக்குப் பக்கத்திலிருந்து யாக்கோ எழுந்தான். ஒல்லியாக, காதில் கருவியோடு, ரப்பர் பூட்ஸில் இடது காலைச் சாய்த்துச் சாய்த்து முன்னால் வந்தான்.

"கேப்டனம்மா, இந்தக் கெழவிக்கு ஒண்ணும் குடுத்துராதீங்க," என்றான். "இவ லட்சணம் எனக்குத்தான் தெரியும். நான் சொல்றேன், எழுதிக்குங்க."

கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது. பராஸ்கா ஒரு நொடி விழித்தாள். அப்புறம் அவளுக்குச் சட்டென்று விளங்கியது. விறுவிறுவென்று மொழிபெயர்க்க ஆரம்பித்தாள்.

"மேஜர் ஆளுக்கு இருபது குண்டு குடுத்தார். அரசாங்கத்துக் குண்டு. இருநூறு அடி தள்ளி ஒரு பால் டப்பாவை வெச்சு, சுடுங்கன்னார். இவ பத்தொன்பதையும் அந்த டப்பாவுலயே போட்டா. நல்ல டப்பா, தேத்தண்ணி குடிக்கலாம், அதைச் சல்லடையாக்கிட்டா. சரி போவட்டும். இருபதாவது எங்கே? அறுபது வருஷமாக் கேக்கறேன், காத்துங்கறா. அதுக்கு முன்னாடி சுட்ட இவ புருஷனும் பத்தொன்பதுதான். சோடிக்கு ரெண்டு குண்டு அரசாங்கத்துக்கு நட்டம். இப்படிப் பொருளைத் தொலைக்கறவளை எந்தப் படையில வெச்சுக்குவாங்க?"

கேப்டனின் பேனா மறுபடி கையில் ஏறியிருந்தது. இருநூறு அடியா என்று பராஸ்காவிடம் கேட்டு உறுதிசெய்துகொண்டாள்.

"மூணு பனிக்காலம் கரையில நின்னாளாம். ஏன் நின்னா? வீட்ல இருந்தா பூட்ஸ் தைக்கணுமே, அதுக்குப் பயந்துதான். மத்தவங்க எல்லாம் முறை போட்டு நின்னோம், இவ அடுத்தவன் முறையிலயும் போய் நின்னா. அவ்வளவு தையல் பயம்."

சிரிப்பு பின் வரிசையிலிருந்து கிளம்பி முன்னால் வந்தது. யாக்கோவுக்கு அது போதும். தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"நாப்பத்தஞ்சு மார்ச்சுல வானத்துலேர்ந்து வெள்ளையா ஒரு பெரிய பை எறங்குச்சு. ஊருக்கு நாலு மைல்ல. கடலுக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து ஜப்பான்காரன் காத்துல விட்ட பலூனு. அடியில இரும்பு தொங்குது, தொட்டா வெடிக்கும்னு மேஜர் சொல்லி வெச்சிருந்தார். நம்ம ஊர்ப் பொம்பளைங்களுக்கு அதெல்லாம் காதுல ஏறல. நல்ல துணியா இருக்கே, மழை அங்கிக்கு ஆகுமேன்னு ஆளுக்கொரு கத்தியைத் தூக்கிக்கிட்டுக் கெளம்பிட்டாங்க. முன்னாடி போனது எங்கம்மா. இவளுக்குச் சொந்த மாமி. மாமின்னு பாத்தாளா? துப்பாக்கியை நீட்டிட்டா. ஒரு அடி வெச்சாச் சுடுவேன்னா. எங்கம்மா சாவுற வரைக்கும் அந்த அங்கியைச் சொல்லிச் சொல்லி அழுதா. அப்புறம் மூணு நாள் புயல். இவ வீட்டுக்கு வந்தாளா? அங்கேயே பனியில குழி தோண்டிக்கிட்டுப் படுத்துக் கெடந்தா. விமானத்துல ஆளுங்க வந்து அந்தக் குண்டைக் கழட்டினப்போ பாத்தா, என் உலர்மீன் மூட்டை காலி. மூணு நாள்ல ஒரு மூட்டை மீனு. இதை எந்த எடத்துல எழுதுவீங்களோ, எழுதுங்க."

கூடமே குலுங்கியது. அன்று கத்தியோடு போன பெண்களில் இரண்டு பேர் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களும் சிரித்தார்கள். ஒருத்தி சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள், அவளுடைய பேரன் பேத்திகள் பாதிக் கூடத்தை அடைத்துக்கொண்டிருந்தார்கள். அக்குலீனா குனிந்தபடியே இருந்தாள், தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது. கோபித்துக்கொள்ளக்கூடாது, மறுத்துப் பேசக்கூடாது, அதுதான் விதி. வெளியே காது வைத்துக் கேட்டுக்கொண்டிருந்த சீலுக்கும் மூஸுக்கும்கூட இதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. பாவம், குண்டைத் தொலைக்கிறவள், தையல் தெரியாதவள், தின்னிப்பண்டாரம் என்றுதான் நினைத்திருக்கும்.

கேப்டன் மூன்று பக்கம் எழுதி முடித்துவிட்டு நிமிர்ந்தாள். ஒரு சந்தேகம் என்றாள். ஊரில் ரேடியோ கிடையாது, புயல் வேறு. அப்படியிருக்க, விமானத்துக்கு யார் தகவல் சொன்னது?

யாக்கோவின் வாய் டப்பென்று மூடிக்கொண்டது. "யாராவது சொல்லியிருப்பாங்க," என்று முணுமுணுத்துவிட்டுப் பிஸ்கட் தட்டைப் பார்க்க நடந்தான்.

"மச்சான், எங்கே ஓடறே?" என்றாள் அக்குலீனா. காலையிலிருந்து அவள் குரல் இவ்வளவு தெளிவாக எழும்பியதில்லை. "என் முறை வந்திருக்கு, நில்லு."

யாக்கோ நின்றான். நிற்காமல் முடியாது.

"கேப்டனம்மா, இவன் ஒரு கையாலாகாதவன். பதினஞ்சு வயசுல படைக்கு வந்தான், சின்னப் பயல்னு வாத்தியார் பேரை எழுதலை. எழுதலைன்னா ரோஷம் இருக்கறவன் வீட்டுக்குப் போவான். இவன் கம்பை வெச்சுக்கிட்டு எங்களோட காவலுக்கு வந்து நின்னான். அந்தப் பை விழுந்தப்போ ரேடியோ முப்பத்தஞ்சு மைல் தள்ளிப் பாதிரிமார் மிஷன்லதான். நாய் வண்டி எல்லாம் வேட்டைக்குப் போயிருச்சு. புத்தி உள்ளவன் வண்டி வரட்டும்னு இருப்பான். இவன் கையில இருந்த மீன் மூட்டையை எங்கிட்டப் போட்டுட்டு நடக்க ஆரம்பிச்சான். அந்தப் புயல்ல. வழியில தின்ன ஏதாவது வேணுமேன்னு தோணாத மூளை. போய்ச் சேதியைச் சொல்லிட்டு அந்த வாசல்லயே விழுந்தான். ரெண்டு மாசம் கழிச்சுத் திரும்பி வந்தப்போ எடது கால்ல மூணு வெரலைக் காணோம். ஒரு குண்டைத் தொலைச்சதுக்கு என்னை அறுபது வருஷமாக் கேக்கறானே, மூணு வெரலைத் தொலைச்சவனை யார் கேக்கறது?"

இப்போது சிரித்த சிரிப்பில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. யாக்கோவின் முகம் காது வரை சிவந்துவிட்டது. அவனும் ஒரு படிவம் போட்டவன்தான் என்று பராஸ்கா கேப்டனுக்குச் சொன்னாள். நாலாவது கேள்விக்கு 'நடந்து போய்ச் சேதி சொன்னேன்' என்று எழுதியிருந்தானாம். நடப்பது படைப்பணியில் சேராது என்று பதில் வந்ததாம். அந்தப் பதிலை வைத்து அடுப்பைப் பற்றவைத்து, இனி அந்தக் காகிதம் தங்கத்தில் வந்தாலும் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டானாம்.

பூட்ஸைக் கழற்ற முடியுமா என்று கேப்டன் மரியாதையாகக் கேட்டாள். பெண்கள் இருக்கும் இடத்தில் எப்படி என்று யாக்கோ நெளிந்தான். நீராவிக் குளியல் கொட்டகையில் ஊர் ஆண்கள் எல்லோரும் பார்த்த கால்தானே, அவர்கள் வீட்டில் போய்ச் சொல்லி ஊர்ப் பெண்களுக்கும் தெரிந்த கால்தானே என்று நாலு பேர் குரல் கொடுத்தார்கள். கழற்றினான். கேப்டன் குனிந்து பார்த்தாள். பிறகு புதிதாக ஒரு தாளை எடுத்தாள்.

மூன்று மணிக்கு விமானத்துக்குப் போகும் வழியில் அவள் பராஸ்காவிடம் ஒன்று சொன்னாள். "எங்க தாத்தா அதே போர்ல லாரி ஓட்டினார். தலைக்கு மேல குண்டு பறக்கும்போது ஓட்டினார்னு ஊர்ல யாரோ சொல்வாங்க. அவரைக் கேட்டா, லாரி ஓட்டினேன்னு மட்டும்தான் சொல்வார். ஒரு காகிதமும் இல்லாமலே போயிட்டார்." படியில் கால் வைத்துத் திரும்பினாள். "அவருக்கும் இந்த மாதிரி ஒரு அத்தை மகள் இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்."

பிப்ரவரியில், பனிச்சறுக்குக் கட்டை பூட்டிய விமானத்தில் ஒரு ஜெனரல் வந்தார். கேப்டனும் கூட வந்தாள். பள்ளிக்கூடத்து விளையாட்டுக் கூடத்தில் விழா. அந்த மாதம் மூஸ் இறைச்சிக்குப் பஞ்சமில்லை, அக்குலீனாவின் பிள்ளைகள் செப்டம்பரில் இரண்டு அடித்திருந்தார்கள், அதைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஜெனரல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நேரில் கண்ட சாட்சியின் வாக்குமூலம் என்று கனத்த குரலில் படிக்கத் தொடங்கினார். கேப்டன் ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. நல்ல நிலையிலிருந்த பால் டப்பா ஒன்றைச் சேதப்படுத்தினார். அரசாங்கக் குண்டு ஒன்றைத் தொலைத்தார், காற்றின் மேல் பழி சொல்கிறார். சொந்த மாமியைத் துப்பாக்கி காட்டி விரட்டினார். மூன்று நாளில் ஒரு மூட்டை மீனைத் தின்று தீர்த்தார். ஒவ்வொரு வரிக்கும் கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. ஜெனரல் நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். கேப்டன் உதட்டைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தாள். கடைசி வரியில் 'இக்காரணங்களால்' என்று வந்தபோது மட்டும் சிரிப்பு தானாக அடங்கியது. இக்காரணங்களால் இவர் இந்நாட்டுப் படையின் சிப்பாய் என்று அறிவிக்கப்படுகிறார் என்று படித்து, ஜெனரல் அவளுக்கு விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார். அக்குலீனாவுக்குக் கை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அறுபது வருஷத்துக்கு முன்னால் மேஜர் சொல்லிக் கொடுத்தது கைக்கே நினைவிருந்தது, அது தானாக நெற்றிக்குப் போயிற்று.

அடுத்து யாக்கோவின் பெயரைப் படித்தார்கள். தங்கத்தில் வந்தாலும் தொடமாட்டேன் என்றவன், ஆட்கள் தள்ளிவிடுவதற்கு முன்பே பாதி தூரம் வந்துவிட்டிருந்தான். மூன்று விரலைக் கவனக்குறைவாகத் தொலைத்தார் என்று ஜெனரல் படித்தார்.

மேளம் தொடங்கியது, ஆண்கள் மண்டியிட்டு ஆட, பெண்கள் பின்னால் நின்று ஆடினார்கள். இரண்டு ஆட்டம் முடிந்ததும் அக்குலீனா கஸ்பக் அங்கிக்கு மேலே கனத்த கோட்டைப் போட்டுக்கொண்டாள். யாக்கோ பனிவண்டியைக் கிளப்பினான். எங்கே என்று அவன் கேட்கவில்லை.

கல்லறை மேட்டில் பனி இடுப்பளவு கிடந்தது. சிலுவைகளின் தலைகள் மட்டும் வெளியே தெரிந்தன. வசீலியின் கல்லை யாக்கோதான் கையால் தோண்டி, பெயர் தெரியும்வரை துடைத்தான். அக்குலீனா காகிதத்தை உறையிலிருந்து எடுத்து, கல்லுக்கு நேரே கொஞ்ச நேரம் பிடித்துக் காட்டினாள். பக்கத்தில் உள்ள காலி இடத்தைப் பார்த்தாள். மனசு நிறைந்திருந்தது.

"அதுக்கு அந்தப் பக்கம் எனக்கு எடம் விட்டு வை பொண்டாட்டி," என்றான் யாக்கோ. "எனக்கும் இப்போ கல்லு உண்டு."

"செத்த பெறகும் உன் வாய்ல மாட்டணுமா?"

"மாட்டித்தான் ஆவணும்." அவன் கையுறையால் மூக்கைத் துடைத்துக்கொண்டான். "அந்த இருபதாவது குண்டு..."

"காத்து மச்சான்."

"அன்னிக்குக் காத்தே இல்ல."

அவள் திரும்பிப் பார்த்தாள். அவன் முகத்தில் கேலி இல்லை.

"பள்ளிக்கூடத்துக் கொடி துணி காயப்போட்ட மாதிரித் தொங்கிட்டிருந்துச்சு. நான் உனக்குப் பின்னாடிதான் நின்னேன். வசீலி பத்தொன்பதோட எறங்கிட்டான். நீ டப்பாவைப் பாத்தே. அப்புறம் அவனைப் பாத்தே. அப்புறம் துப்பாக்கியைக் கொஞ்சூண்டு தள்ளிப் புடிச்சே."

அறுபத்தோரு வருஷம். கல்யாணத்தில் கேட்டான், பிள்ளைகளின் ஞானஸ்நானத்தில் கேட்டான், வசீலி தேநீர் ஊற்றும்போதெல்லாம் கேட்டான். அவள் செய்ததை அவன் பார்த்தான் என்பதைத்தான் அத்தனை தடவையும் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறான். வசீலி உயிரோடு இருந்தவரை அதற்கு மேல் அரை வார்த்தை பேசியதில்லை.

அவள் கையுறையைக் கழற்றி, கல்லின் தலைமேல் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டாள்.

"மெதுவாப் பேசு மச்சான்," என்றாள். "அவருக்குக் கேட்டுரப் போவுது."